கட்டில் திரை: துவைத்து மாட்டுவதா, மாட்டித் தூக்கிப்போடுவதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

50 முதல் 150 படுக்கை வரை உள்ள மருத்துவமனைகளில் நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டு வேலையில் பல வருடம் இருந்திருக்கிறேன். புது வார்டு திறக்கும்போதும், கட்டிலைச் சுற்றி மறைப்புக்குத் தொங்கும் பழைய திரை நைந்துபோகும்போதும் நிர்வாகத்திலிருந்தும் நர்சிங் பக்கத்திலிருந்தும் வரும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான். தமிழ்நாட்டு நிலைமையை மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

திரையில் அப்படி என்ன கிருமி இருந்துவிடப் போகிறது?

நிறையவே இருக்கிறது. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழக மருத்துவமனையில் 43 திரைகளை மூன்று வாரம் சோதித்து 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். 41 திரைகளில் ஒரு தடவையாவது நோய் உண்டாக்கக்கூடிய கிருமி அகப்பட்டது. அந்தச் சமயத்தில் புதிதாக மாட்டிய 13 திரைகளில் 12, ஒரே வாரத்துக்குள் அசுத்தமாகிவிட்டன.

கனடாவின் வின்னிபெக்கில் தீக்காயப் பிரிவில் நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. எனக்கு அது இன்னும் முக்கியமாகப் படுகிறது. துவைத்துச் சுத்தமாக மாட்டிய திரைகளை 21 நாள் கவனித்தார்கள். 14-ஆம் நாளுக்குள் பெரும்பாலான திரைகளில் எம்ஆர்எஸ்ஏ வந்துவிட்டது. வழக்கமான ஆன்டிபயாடிக்குக் கட்டுப்படாத ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமி அது. இத்தனைக்கும் அந்த அறைகளில் இருந்த நோயாளிகள் யாருக்கும் எம்ஆர்எஸ்ஏ இல்லை. ஒப்பீட்டுக்காக, ஆள் புழங்காத இடத்தில் மாட்டிய திரைகள் கடைசிவரை சுத்தமாகவே இருந்தன. கிருமியைக் கொண்டுவந்து சேர்ப்பது நம் கைகள்தான் என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன்.

துணியில் ஒட்டிய கிருமி சீக்கிரம் சாவதும் இல்லை. மருத்துவமனைத் துணிகளில் ஸ்டஃபிலோகாக்கஸும் என்டரோகாக்கஸும் எத்தனை நாள் தாங்கும் என்று 2000-இல் வெளியான ஒரு ஆய்வு பார்த்தது. சில கிருமிகள் பாலியெஸ்டரிலும் பிளாஸ்டிக்கிலும் பல வாரங்கள், சில சமயம் 90 நாள் வரைகூட உயிரோடு இருந்தன.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். திரையில் கிருமி இருக்கிறது என்பதற்கு நிறைய ஆதாரம் உண்டு. திரையை மட்டும் மாற்றியதால் நோயாளிகளுக்குத் தொற்று இத்தனை குறைந்தது என்று காட்டும் ஆதாரம் அந்த அளவுக்கு இல்லை. இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஐசியூக்களில் அசினெட்டோபாக்டர் என்ற கிருமி பரவியபோது திரைகளுக்கு அதில் பங்கு இருந்ததை ஆராய்ந்து 2002-இல் எழுதினார்கள். ஆனால் அங்கேயும் பல நடவடிக்கைகளைச் சேர்த்துத்தான் எடுத்தார்கள். நம் ஊர் ஐசியூக்களிலும் அசினெட்டோபாக்டர் பெரிய தலைவலி என்பதால் அந்தக் கட்டுரையை நான் அலட்சியப்படுத்துவதில்லை.

தூக்கிப்போடும் திரை என்றால் சரியாக எது?

நான்-ஓவன் பை பார்த்திருப்பீர்கள். ஜவுளிக்கடையில் கொடுத்துக்கொண்டிருந்தார்களே, 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்தார்களே, அந்தத் துணிதான். பாலிபுரொப்பிலீன் இழையை நெய்யாமல் சூட்டில் அழுத்தி ஒட்டியது. தடை பைகளுக்குத்தான், திரைக்கு அது பொருந்தாது. மடிப்பு மடிப்பாக, கொக்கி மாட்டும் துளைகளோடு பெட்டியில் வரும். மாட்டிய தேதியை எழுத ஓரத்தில் லேபிள் இருக்கும்.

துவைக்கும் திரை பெரும்பாலும் பாலியெஸ்டர். பருத்தித் திரையும் இன்னும் பல இடங்களில் தொங்குகிறது. சுருங்கும், காய நேரமாகும், சீக்கிரம் நையும். புதிதாக வாங்குபவர்களுக்குப் பருத்தியை நான் சொல்வதில்லை.

எங்களிடம் வெந்நீர் வாஷிங் மெஷின் இல்லை. துவைக்கும் திரை வாங்கிப் பயன் உண்டா?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்க வேண்டும். பெரும்பாலானவர்கள் திரையை வாங்கிய பிறகுதான் கேட்கிறார்கள்.

பிரிட்டனில் மருத்துவமனைத் துணிக்கு 65 டிகிரி சூட்டில் குறைந்தது 10 நிமிடம், அல்லது 71 டிகிரியில் குறைந்தது 3 நிமிடம் என்று வைத்திருக்கிறார்கள். மெஷினுக்குள் துணி முழுக்க அந்தச் சூடு போய்ச் சேரும் நேரம் இதில் சேராது. அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிசி 71 டிகிரியில் 25 நிமிடம் என்கிறது. எண்கள் வேறுபட்டாலும் அடிப்படை ஒன்றுதான்: சூடு அளந்ததாக இருக்க வேண்டும், அது துணியில் போதிய நேரம் நிற்க வேண்டும்.

வெந்நீர் இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. சாதாரணத் தண்ணீரில் நல்ல டிடர்ஜென்டும் சரியான அளவு குளோரினும் சேர்த்துத் துவைத்தாலும் கிருமி நன்றாகக் குறையும் என்று சிடிசி வழிகாட்டுதலே சொல்கிறது. ஆனால் குளோரினைக் கண்ணளவில் ஊற்றக் கூடாது. டெஸ்ட் ஸ்ட்ரிப் வைத்துப் பார்க்க வேண்டும். பிளீச்சிங் பவுடரை ஒரு குவளை அள்ளிப் போட்டால் துணி மஞ்சளாகிக் கிழியும். பயந்து அரைக் குவளை போட்டால் கிருமி அப்படியே இருக்கும்.

அப்புறம் தண்ணீர். போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் துணியில் வெள்ளைப் படிவு ஏறும். திரை விறைத்துப்போகும், நிறம் மங்கும், இன்னும் அழுக்காகவே தெரியும். லாண்டரிக்கு, தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் பிளான்ட் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால், திரையின் ஆயுள் விற்பவர் சொன்னதில் பாதிதான் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.

வெளி லாண்டரிக்குக் கொடுக்கிறோம். பில்லும் ஒழுங்காக வருகிறது. போதாதா?

ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். ஓட்டல் துணியும் நம் துணியும் ஒரே மெஷினில் போகிறதா, எத்தனை டிகிரி வைக்கிறார்கள், எங்கே காயப்போடுகிறார்கள் என்று கேளுங்கள்.

நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் திரைகளை நன்றாகத்தான் துவைத்தார்கள். ஆனால் காலையில் அழுக்குத் திரை போன அதே சாக்கில்தான் சாயங்காலம் சுத்தமான திரை திரும்பி வந்தது. யாரும் கவனிக்கவில்லை, நானும் ஆறு மாதம் கழித்துத்தான் பார்த்தேன். அதை இன்றுவரை நினைத்து வருந்துகிறேன். அன்றிலிருந்து போகும் பைக்கு ஒரு நிறம், வரும் பைக்கு வேறு நிறம். அந்த மாற்றத்துக்குச் செலவு ஒன்றும் பெரிதாக இல்லை.

எத்தனை நாளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்?

உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட ஒரே எண் கிடையாது. நான் பின்பற்றியதைச் சொல்கிறேன்.

ரத்தம், சீழ், வாந்தி, மலம் எது பட்டாலும் உடனே கழற்ற வேண்டும். தனிமைப்படுத்தி வைத்த நோயாளி அறையை விட்டுப் போனதும், அடுத்தவரை ஏற்றுவதற்கு முன்பே மாற்ற வேண்டும். ஐசியூவில் திட்டவட்டமாக இரண்டு வாரம். பொது வார்டில் மாதம் ஒரு முறை, முடியாவிட்டால் எந்தக் காரணம் கொண்டும் மூன்று மாதத்தைத் தாண்டக் கூடாது. வெளிநோயாளிப் பிரிவின் பரிசோதனை அறையை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஒரு நாளில் 60, 70 பேர் தொட்டு விலக்கும் திரை அது. அதையும் ஐசியூ கணக்கில் சேருங்கள்.

தூக்கிப்போடும் திரையை விற்பவர்கள் ஆறு மாதம் வரை தொங்கவிடலாம் என்பார்கள். துணி ஆறு மாதம் கிழியாமல் இருக்கும், அது உண்மை. ஆனால் ஒரு வாரத்தில் கிருமி ஏறிய திரை மீதி அத்தனை வாரமும் அங்கேயே தொங்கும்.

கை கழுவினால் போதுமே, திரையைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை?

ஒரு சிஸ்டர் டிரெஸ்ஸிங் மாற்ற வருவதைக் கவனியுங்கள். வார்டு வாசலில் சானிடைசர் போட்டுத் தேய்த்துக்கொள்கிறார். கட்டிலுக்கு வருகிறார். திரையை இழுத்து மூடுகிறார். அதே கையால் டிரெஸ்ஸிங்கைப் பிரிக்கிறார். கை சுத்தம் ஆடிட்டில் அவருக்கு முழு மதிப்பெண். ஆனால் நோயாளியைத் தொட்ட கை, திரையைத் தொட்ட கை. அவர் மேல் தப்பு இல்லை, சானிடைசர் பாட்டிலைத் தப்பான இடத்தில் மாட்டியிருக்கிறோம்.

அதனால் பாட்டில் திரைக்கு உள்ளே, கட்டிலின் கால்மாட்டில் இருக்க வேண்டும். முதலில் திரையை இழு, பிறகு கையைத் தேய், பிறகு நோயாளியைத் தொடு. இந்த வரிசையை டாக்டர்கள், பிசியோதெரபிஸ்ட், எக்ஸ்ரே டெக்னீஷியன் எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள். எந்தத் திரை வாங்கினாலும் இது வேண்டும். திரைக்கு ஒதுக்கும் பணத்தைவிட இந்த ஒரு பழக்கம்தான் அதிகம் காப்பாற்றும் என்று நம்புகிறேன்.

அழுக்கு ஏறுவது பெரும்பாலும் முன் ஓரத்தில், நெஞ்சு உயரத்தில், எல்லோரும் பிடிக்கும் அந்த இரண்டு சாண் இடத்தில்தான். சில திரைகளில் அங்கே துடைக்கக்கூடிய பிளாஸ்டிக் பட்டை வைத்துத் தைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் நம் தையல்காரரிடமே கொடுத்துத் தைக்கலாம். தினமும் கட்டில் கம்பியைத் துடைக்கும்போது அதையும் சேர்த்துத் துடைக்கச் சொல்லுங்கள்.

செலவில் எது லாபம்?

ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்கு நான் வைத்துக்கொண்டவை. உங்கள் கொட்டேஷனை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

30 படுக்கை வார்டு. துவைக்கும் திரை ஒன்று 1,800 ரூபாய். தொங்குவதற்கு ஒன்று, அலமாரியில் ஒன்று என்று 60 திரை வாங்கினால் 1,08,000 ரூபாய். ஐந்து வருடம் உழைக்கும் என்றால் ஒரு படுக்கைக்கு வருடம் 720 ரூபாய் ஆகிறது. ஒவ்வொரு தடவையும் கழற்றி, துவைத்து, மாட்ட 100 ரூபாய் என்று வையுங்கள். மாதம் ஒரு முறை மாற்றினால் வருடத்துக்கு 1,200. ஆக மொத்தம் 1,920 ரூபாய்.

தூக்கிப்போடும் திரை ஒன்று 900 ரூபாய், மாட்டும் கூலியும் குப்பைச் செலவும் 40 என்றால் ஒரு தடவைக்கு 940. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றினால் வருடத்துக்கு 1,880. கிட்டத்தட்ட சமம், 40 ரூபாய் லாபம்கூட. விற்பனைப் பிரதிநிதி கொண்டுவரும் அட்டவணை இப்படித்தான் இருக்கும். ஆனால் பாருங்கள், அதில் துணித் திரையை 12 தடவை மாற்றியிருக்கிறோம், மற்றதை 2 தடவைதான். இரண்டையும் மாதம் ஒரு முறை மாற்றினால் 1,920-க்கு எதிரே 11,280. மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்றால் 1,120-க்கு எதிரே 3,760.

இரண்டையும் ஒரே இடைவெளியில் வைத்து ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். கொட்டேஷன் வாங்கும்போது நான் போடும் ஒரே நிபந்தனை இதுதான்.

அப்படியென்றால் தூக்கிப்போடும் திரை வேண்டவே வேண்டாமா?

வேண்டும். எங்கே என்பதுதான் விஷயம்.

ராத்திரி 11 மணிக்குத் தனிமை அறையிலிருந்து ஒரு நோயாளி போகிறார். எமர்ஜென்சியில் அடுத்தவர் காத்திருக்கிறார். லாண்டரி பூட்டியிருக்கிறது, லினன் அலமாரிச் சாவி பகல் ஷிஃப்ட் ஆளிடம் இருக்கிறது. துணித் திரை மட்டும் இருக்கும் இடத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். "காலையில் மாற்றிக்கொள்ளலாம்" என்பார்கள். காலையில் அதை யாரும் நினைவு வைத்திருக்க மாட்டார்கள். பெட்டியைப் பிரித்து மாட்டினால் முடிந்தது என்றால், அந்த ராத்திரியே வேலை நடக்கும்.

அதனால் தனிமை அறைகள், தீக்காயப் பிரிவு, ஐசியூவில் பல மருந்துக்கும் அடங்காத கிருமி உறுதியான படுக்கைகள், இங்கெல்லாம் தூக்கிப்போடும் திரை. பொது வார்டு, பிரசவத்துக்குப் பின் இருக்கும் வார்டு, டே கேர் இவற்றுக்குத் துவைக்கும் திரை. 100 படுக்கை மருத்துவமனைக்கு இந்தக் கலப்புதான் சரிவரும் என்பது என் முடிவு. லாண்டரியே இல்லாத, நம்பகமான வெளி லாண்டரியும் கிடைக்காத 10 படுக்கை நர்சிங் ஹோம் என்றால் கணக்கு மாறும். அங்கே முழுக்கவே தூக்கிப்போடும் திரைக்குப் போகலாம், ஆறு மாதம் தொங்கவிடாமல் இருந்தால்.

கழற்றிய தூக்கிப்போடும் திரையை எந்தப் பையில் போடுவது?

2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி ரத்தமோ உடல் திரவமோ பட்டு, தூக்கிப்போட வேண்டிய துணி, பஞ்சு, படுக்கை எல்லாம் மஞ்சள் பையில் போக வேண்டும். ரத்தம் பட்ட திரையும் அப்படித்தான். பொதுவாக 48 மணி நேரத்துக்கு மேல் மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது. கறை எதுவும் படாத, பொது வார்டுத் திரையை என்ன செய்வது என்பதை நீங்களாக முடிவு செய்யாமல், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்று உங்களிடம் கழிவு எடுப்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள்.

அளவையும் யோசித்துப் பாருங்கள். 6 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம், சதுர மீட்டருக்கு 100 கிராம் என்றால் ஒரு திரை 1.2 கிலோ. 30 படுக்கையில் வருடம் நான்கு தடவை மாற்றினால் 144 கிலோ பிளாஸ்டிக். துணித் திரைக்கும் தண்ணீர், மின்சாரம், சோப்பு என்று சுற்றுச்சூழல் செலவு உண்டுதான். இருந்தாலும் கோடையில் தண்ணீர் லாரி வாங்கும் ஊருக்கும், தண்ணீர் தாராளமாக இருக்கும் ஊருக்கும் இதில் ஒரே பதில் சொல்ல முடியாது.

கிருமி எதிர்ப்புப் பூச்சு பூசிய திரை என்று விற்கிறார்களே?

ஓரளவு பயன் உண்டு. அயோவாவில் நடந்த மற்றொரு ஆய்வில் சாதாரணத் திரை சராசரியாக 2 நாளில் அசுத்தமானது, பூச்சுள்ள திரை 14 நாள் தாங்கியது. அதுவும் 2012-இல் வெளியானதுதான். தள்ளிப்போனதே தவிர நின்றுபோகவில்லை. இன்னொன்று, துவைக்கும் திரையில் பூச்சு என்றால் எத்தனை சலவைக்கு நிற்கும் என்று சோதனை அறிக்கையோடு கேளுங்கள். வாய்ப்பேச்சில் விடாதீர்கள்.

தீப் பாதுகாப்புக்கு என்ன பார்க்க வேண்டும்?

ஆக்சிஜன் ஓடும் இடத்தில் தொங்கும் துணி இது. 2021 ஜனவரியில் மகாராஷ்டிராவின் பண்டாராவிலும், 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் ஜான்சியிலும் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் தீப்பிடித்துக் குழந்தைகள் இறந்தார்கள். திரைதான் காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் அப்படிப்பட்ட அறையில் எரியக்கூடிய எதையும் யோசிக்காமல் மாட்டக் கூடாது.

தீ எதிர்ப்பு இரண்டு விதம். ஒன்று, இழையிலேயே சேர்ந்திருப்பது. எத்தனை துவைத்தாலும் போகாது. மற்றது, நெய்த பிறகு ரசாயனத்தில் முக்கி எடுப்பது. இது சலவையில் தேயலாம். குளோரின் சில ரசாயனப் பூச்சுகளைக் கெடுக்கும். உப்புத் தண்ணீரின் படிவும், துணி மென்மையாக்கும் திரவமும்கூடத் தீ எதிர்ப்பைக் குறைக்கும். துவைக்கும் திரை வாங்கினால் முதல் வகையையே கேளுங்கள். பாலிபுரொப்பிலீன் 160 டிகிரியைத் தாண்டினால் உருகிச் சொட்டும், அதனால் தூக்கிப்போடும் திரைக்கும் தீச் சோதனைச் சான்றிதழ் கேளுங்கள். மேலே, தீப்பிடித்தால் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் இருந்தால், தண்ணீர் தடைபடாமல் விழும்படி திரையின் மேல் பகுதி வலைத்துணியாக இருக்க வேண்டும்.

மறைப்பு இரண்டிலும் ஒன்றுதானா?

இல்லை. ஜன்னல் வெளிச்சம் பின்னாலிருந்து அடித்தால் மெல்லிய நான்-ஓவன் திரையில் உள்ளே இருப்பவரின் நிழல் அப்படியே தெரியும். பெட்பேன் வைக்கும் நேரத்தில், பால் கொடுக்கும் நேரத்தில், கதீட்டர் போடும் நேரத்தில் அந்தப் பெண் எவ்வளவு கூசிப்போவார் என்று நினைத்துப் பாருங்கள். சுற்றி எதிர்க் கட்டில்காரரின் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மாதிரித் திரையை வாங்கி மாட்டி, உள்ளே ஒருவரை நிற்கவைத்து, பகலிலும் ராத்திரி விளக்கிலும் வெளியிலிருந்து பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

அகலத்தை, திரை ஓடும் தடத்தின் நீளத்துக்குச் சரியாக அளந்து வாங்கினால் ஓரத்தில் இடைவெளி விழும். கொஞ்சம் கூடுதலாக வாங்குங்கள். நிறம் வெளிறியதாக இருக்கட்டும். கரும்பச்சை, கருநீலம் எல்லாம் அழுக்கை மறைக்கும் என்று வாங்குகிறார்கள். அழுக்கு தெரிய வேண்டும் என்றுதான் நாம் ஆசைப்பட வேண்டும்.

பழைய மடக்கு ஸ்கிரீன் இருக்கிறது, சக்கரம் வைத்தது. அதையே வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளலாம். பச்சைத் துணியைக் கழற்றிவிட்டு, துடைக்கக்கூடிய ரெக்சின் போடுங்கள். ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் துடைத்துவிட முடியும் என்பதால் சின்ன கிளினிக்கில் இரண்டு வகைத் திரையையும்விட இதுவே எளிது.

மாட்டுவது, கழற்றுவது யார் வேலை?

ஒரு ஆளின் பெயரை எழுதிவைத்த வேலையாக இருக்க வேண்டும். ஏணி ஏறும் வேலை என்பதால் இரண்டு பேர் வேண்டும், கீழே ஒருவர் பிடிக்க வேண்டும். கட்டிலில் நோயாளி இருக்கும்போது மேலே ஏறிக் கழற்றாதீர்கள். தூசு அவர் மேல்தான் விழும். திரையை உதறாமல் உள்பக்கமாகச் சுருட்டி, அங்கேயே பையில் போட்டுக் கட்ட வேண்டும். மேல் வலை அப்படியே இருக்க, கீழ்த்துணியை மட்டும் பட்டனில் கழற்றி மாட்டும் வகையும் உண்டு. ஏணியே தேவைப்படாது. கொஞ்சம் விலை கூடினாலும் ஹவுஸ்கீப்பிங் அக்காக்களுக்கு அது பெரிய நிம்மதி.

நான் நோயாளியின் சொந்தக்காரர். இதில் நான் என்ன செய்ய முடியும்?

"இந்தத் திரை எப்போது மாற்றியது, சிஸ்டர்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். தூக்கிப்போடும் திரை என்றால் ஓரத்து லேபிளில் தேதி இருக்கும், நீங்களே பார்க்கலாம். தேதி எழுதும் இடம் காலியாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். கறை தெரிந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள், அதற்குக் கூச்சப்படவே வேண்டாம். திரையில் கையோ முகமோ துடைக்காதீர்கள், குழந்தைகளைப் பிடித்து விளையாட விடாதீர்கள். திரையை விலக்கிவிட்டு உங்கள் அம்மாவின் கையைப் பிடிப்பதற்கு முன், கால்மாட்டில் இருக்கும் சானிடைசரை ஒருமுறை அழுத்தித் தேய்த்துக்கொள்ளுங்கள்.